செல்லப் பிராணி பராமரிப்புத் தொழிலுக்குக் கருவிக் கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டும் க்ரூமிங் கடை, வெளியூர் போகிறவர்கள் விட்டுப் போகும் போர்டிங், பகல் நேரக் காப்பகம், சிறிய கிளினிக், வீட்டு வாசலுக்கே வரும் வேன். இவற்றில் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு க்ரூமிங் கடைக்குக் கடன் வாங்கி அதை அடைத்து முடித்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். வட்டியும் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். கணக்குப் போடும் விதம் எங்கும் ஒன்றுதான்.

கையில் பணம் இருக்கிறது. கருவிகளை ரொக்கமாகவே வாங்கிவிட்டால் வட்டி மிச்சம்தானே?

வட்டி மிச்சம்தான். ஆனால் அந்தப் பணம் வேறு எதற்குத் தேவைப்படும் என்று முதலில் பாருங்கள்.

கடன் கொடுப்பவர் எதை விரும்புவார்? தவணை நின்றுவிட்டால் தூக்கிக்கொண்டு போய் விற்கக்கூடிய பொருளை. உயரத்தை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் மேசை, எவர்சில்வர் தொட்டி, ரோமத்தை உலர்த்தும் ட்ரையர், கூண்டு வரிசை, வேன் எல்லாம் அந்த ரகம். தரைக்குக் கொடுத்த சரிவு, வடிகால், முடி சிக்காமல் இருக்கப் போட்ட வடிகட்டி, நீர் இறங்காத சுவர்ப் பூச்சு, தனியாக இழுத்த மின்கம்பி, காற்றோட்டக் குழாய் இவையெல்லாம் வேறு ரகம். கட்டடத்தோடு ஒட்டிப் போய்விடும்; கடையைக் காலி செய்தால் பெரும்பாலும் கட்டட உரிமையாளருக்குத்தான் லாபம். இவற்றை ஈடாகக் காட்டிக் கடன் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் க்ரூமிங் கடையில் பணத்தை அதிகம் குடிப்பது இந்த இரண்டாவது ரகம்தான். நாய்க் கடை என்றதும் நாம் மேசையையும் ட்ரையரையும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீர், முடி, ஈரக் காற்று, குரைப்பு ஆகிய நான்கையும் சமாளிக்கும் இடம். அதனால் கையிருப்பை முதல் நாளே மெஷினில் போட்டுவிட்டு, பிறகு வடிகாலுக்குத் தனிநபர் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மெஷினுக்குக் கிடைக்கும் கடன் மலிவானது, எளிதானது. வடிகாலுக்குக் கிடைக்கும் கடன் விலை அதிகம், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. ரொக்கத்தைக் கட்டட வேலைக்கும், வாடிக்கையாளர் சேரும் வரையிலான வாடகை, சம்பளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போக மிச்சம் இருந்தால் தாராளமாக ரொக்கமாக வாங்குங்கள்.

அப்படியானால் எல்லாக் கருவிக்கும் கடன் வாங்கலாமா?

கூடாது. கடனின் ஆயுள் பொருளின் ஆயுளைத் தாண்டக் கூடாது. கிளிப்பர், பிளேடு, கத்திரிக்கோல், துண்டு, ஷாம்பு, கழுத்துப்பட்டை இவற்றையெல்லாம் பெட்டியோடு சேர்த்து 'ஸ்டார்ட்டர் பேக்கேஜ்' என்று மூன்று வருடத் தவணையில் விற்பார்கள். பிளேடு அதற்குள் பலமுறை சாணைக்குப் போய்த் தேய்ந்தே போயிருக்கும். துண்டு எப்போதோ கிழிந்திருக்கும். தவணை மட்டும் புதிதாகவே இருக்கும். தினமும் தேயும் பொருளைத் தினசரி வரவிலிருந்து வாங்க வேண்டும்.

நல்ல எவர்சில்வர் தொட்டியும் கூண்டும் பல வருடம் உழைக்கும். இவற்றுக்கு நீண்ட தவணை பொருந்தும். ட்ரையரும் துணி துவைக்கும் இயந்திரமும் நடுவில் நிற்பவை. ஓடும் நேரத்தைப் பொறுத்து மோட்டார் தேயும் என்பதால் இரண்டு வருடத்துக்கு மேல் தவணையை இழுக்க நான் யோசிப்பேன்.

லோன், லீஸ், ஹையர் பர்ச்சேஸ் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

லோன் வாங்கினால் பொருள் முதல் நாளிலேயே உங்களுடையது. அடமானம் மட்டும் கடன் கொடுத்தவர் பெயரில் இருக்கும். ஹையர் பர்ச்சேஸில் கடைசித் தவணை கட்டி முடித்த பிறகுதான் உரிமை உங்கள் கைக்கு வரும். லீஸ் என்பது வாடகை. காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது ஒப்பந்தத்தில் சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

லீஸ் தவணை குறைவாகத் தெரியும். காரணம், கடைசியில் பொருளுக்கு இருக்கப்போகும் மதிப்பை அவர்கள் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். அந்த மிச்ச விலை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 'சந்தை விலைக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது யார் நிர்ணயிக்கும் விலை என்று கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். நாய் நகம் படாத மேசை உலகத்தில் கிடையாது. கீறலுக்கெல்லாம் அபராதம் போட்டால் லீஸ் கட்டுப்படியாகாது.

என் கணக்கில், சீக்கிரம் பழசாகிப் போகும் மின்னணுக் கருவிகளுக்கு லீஸ். இரும்புக்கும் எவர்சில்வருக்கும் லோன்.

'10 சதவீத வட்டிதான்' என்கிறார்கள். குறைவுதானே?

எந்த 10 சதவீதம் என்று கேளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

1,00,000 கடன், 3 வருடம், 36 தவணை. 'ஃப்ளாட்' வட்டி என்றால் முழு அசலுக்கும் மூன்று வருடமும் வட்டி. வருடத்துக்கு 10,000 வீதம் 30,000. மொத்தம் 1,30,000 கட்ட வேண்டும். மாதம் சுமார் 3,611. இன்னும் அடைக்காத அசலுக்கு மட்டும் வட்டி போடும் 'குறையும் நிலுவை' முறையில் அதே 10 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 3,227. மொத்த வட்டி 16,200-க்குள் முடிந்துவிடும்.

ஒரே '10'. வித்தியாசம் கிட்டத்தட்ட 14,000. நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் ஃப்ளாட் முறையில் திருப்பிவிட்ட அசலுக்கும் வட்டி ஓடுகிறது. அந்த 10 சதவீத ஃப்ளாட் வட்டியைக் குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 18 சதவீதம் வரும். இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது சதவீதத்தை மறந்துவிடுங்கள். கையில் வருவது எவ்வளவு, மொத்தமாகக் கட்டப்போவது எவ்வளவு, எத்தனை மாதம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அங்கேயே சாயம் வெளுத்துவிடும்.

வட்டியைத் தவிர வேறு என்ன கேட்க வேண்டும்?

பிராசசிங் கட்டணம் கடன் தொகையிலிருந்து கழிக்கப்படுமா? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? தவணை ஒரு நாள் தாமதமானால் என்ன? காப்பீடு அவர்கள் சொல்லும் இடத்தில்தான் எடுக்க வேண்டுமா? வரி, வண்டி வாடகை, பொருத்தும் கூலி ஆகியவை கடனுக்குள் வருமா, வெளியிலா? கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். பெரிய கூண்டு வரிசையை இறக்கிப் பொருத்தும் செலவு சின்னதல்ல.

'வட்டியே இல்லை, 12 தவணை' என்று கருவி விற்பவரே சொல்கிறாரே?

ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். 1,00,000 விலைப் பொருளை ரொக்கத்துக்கு 92,000-க்குத் தருவார் என்றால், அந்த 8,000 தான் வட்டி. 12 மாதத்தில் அடைக்கும் 92,000 கடனுக்கு 8,000 வட்டி என்பது வருடத்துக்கு ஏறக்குறைய 16 சதவீதம். ரொக்க விலையும் தவணை விலையும் உண்மையிலேயே ஒன்றாக இருந்தால், தயங்காமல் தவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கடை, வரவு செலவுக் கணக்கே கிடையாது. என்னை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்?

கடைக்கு வரலாறு இல்லாதபோது உங்கள் வரலாற்றைப் பார்ப்பார்கள். பழைய கடன்களை ஒழுங்காக அடைத்தீர்களா, வங்கிக் கணக்கில் பணம் எப்படி வந்து போகிறது, இந்தத் தொழிலில் வேலை பார்த்திருக்கிறீர்களா? நான்கு வருடம் வேறொருவர் கடையில் க்ரூமராக இருந்தவருக்கும், நாய் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வருபவருக்கும் ஒரே பதில் கிடைக்காது. நியாயமும்தான்.

கொண்டு போக வேண்டியவை: மாடல் எண்ணோடு கூடிய கொட்டேஷன், கடை ஒப்பந்தத்தின் நகல், உரிமம் அல்லது அதற்கான விண்ணப்பம், மாதவாரி வரவு செலவு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் முதல் மூன்று மாதம் நஷ்டம் என்று எழுதுங்கள். முதல் மாதமே லாபம் காட்டும் தாளைப் படிக்கிறவர் அப்போதே மூடி வைத்துவிடுவார். கடை ஒப்பந்தம் 11 மாதம், கடன் 36 மாதம் என்றால் மிச்ச மாதங்களுக்குக் கருவிகள் எங்கே இருக்கும் என்ற கேள்வியும் வரும். பதில் தயாராக இருக்கட்டும்.

முன்பணம் அதிகம் கட்டினால் கதவு எளிதாகத் திறக்கும். அப்புறம் சொந்த ஜாமீன். கடையை நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் வீட்டுக்கு ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புது நிறுவனம் என்றால் உரிமையாளரின் தனிப்பட்ட ஜாமீனையும் சேர்த்தே கேட்பது வழக்கம். அதில் கையெழுத்துப் போட்டால், நிறுவனம் கட்டாததை நீங்கள் கட்ட வேண்டும். துணைவரிடமும் கையெழுத்துக் கேட்டால், கடனைப் பற்றி அவருக்கும் முழுசாகச் சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது வீட்டிலேயே வாங்கும் இன்னொரு கடன்.

எவ்வளவு கடன் தாங்கும்?

தவணையை நாயாக மாற்றிப் பாருங்கள்.

ஒரு குளியலுக்கு 100 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷாம்பு, தண்ணீர், மின்சாரம், செய்கிறவர் கூலி எல்லாம் 60. மிஞ்சுவது 40. மாதத் தவணை 4,000 என்றால் தவணைக்கு மட்டும் 100 நாய் குளிக்க வேண்டும். 25 நாள் கடை திறந்தால் நாளைக்கு 4. வாடகை இன்னும் வரவில்லை, உங்கள் சம்பளமும் வரவில்லை. ஒருவர் ஒரு நாளில் எத்தனை நாயை நிதானமாக, காயம் படாமல் பார்த்து அனுப்ப முடியும்? அடர்ந்த இரட்டை ரோமம் கொண்ட ஒரு பெரிய நாய் அரை நாளைத் தின்றுவிடும். அந்த எண்ணில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிறது என்றால் கடன் பெரிது.

இன்னொன்று: கருவி இரண்டு வாங்கினால் வேலை இரண்டு மடங்கு ஆகாது, ஆள் இரண்டு வேண்டும். தொடங்கும்போதே இரண்டு மேசை வாங்கினேன். இரண்டாவது மேசை பதினொரு மாதம் துண்டு மடித்து வைக்கத்தான் பயன்பட்டது. உலகத்திலேயே விலை அதிகமான துணி அலமாரி அதுவாகத்தான் இருக்கும். அதற்கு நேர் எதிராக, நல்ல வேகமான ட்ரையர் ஒன்று ஒவ்வொரு நாயிலும் நேரத்தை மிச்சப்படுத்தியது. நேரத்தைத் திருப்பித் தரும் கருவிக்குக் கடன் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. வரிசை நீளும் என்று நம்பி வாங்கும் கருவி மட்டும் வரிசை நீண்ட பிறகு வரட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? அதற்கும் கடன் உண்டா?

உண்டு, ஆனால் தவணைக் காலம் குறைவாகவும் முன்பணம் அதிகமாகவும் கேட்பார்கள். அந்தப் பொருளின் மேல் பழைய உரிமையாளரின் கடன் பாக்கி இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் வாங்கிய கடனுக்கு உங்கள் கடையிலிருந்து கூண்டு போகும்.

பொருளைப் பொறுத்தவரை, மரக் கூண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நாய்க் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் சுற்றுப்புறத்தில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்; சாதாரணமாகப் பயன்படுத்தும் பல கிருமிநாசினிகளுக்கு அது அசையாது. நீர்த்த பிளீச் அதை அழிக்கும், ஆனால் மரம் ஈரத்தையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொள்வதால் பிளீச் வேலை செய்வதற்கான சுத்தமான மேற்பரப்பே அங்கே கிடைக்காது. எவர்சில்வர் கூண்டு என்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் விட்டால் பிளீச் எவர்சில்வரையே அரிக்கும். அதனால் வாங்கும்போது பற்றவைத்த மூலைகளையும் கதவுக் கீல்களையும் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

ஹைட்ராலிக் மேசையில் எடை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். தானாகக் கீழே இறங்கினால் பம்ப் கசிகிறது.

மொபைல் க்ரூமிங் வேனுக்குக் கடன் எப்படி?

வேனை இரண்டு பொருளாக நினையுங்கள்: வண்டி ஒன்று, உள்ளே செய்யும் வேலை ஒன்று. வண்டிக்கு வாகனக் கடன் எளிது. தொட்டி, மேசை, ஹீட்டர், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி என உள்ளே போடுவதை மதிப்பிடத் தெரியாமல் கடன் கொடுப்பவர் குறைத்துப் போடுவார். சில இடங்களில் அதைத் தனிக் கருவிக் கடனாகத்தான் கேட்க வேண்டும். காப்பீட்டிலும் இதே சிக்கல். 'வேன்' என்று மட்டும் எழுதியிருந்தால், விபத்து நடந்தால் வெறும் வேனுக்குத்தான் பணம் வரும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் எடைக் கணக்குப் போடுங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் 200 கிலோ. குளித்த தண்ணீர் கழிவுத் தொட்டிக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அதோடு ஜெனரேட்டர், மேசை, ஆட்கள், ஒரு பெரிய நாய். வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமையைத் தாண்டினால் பிரேக்கும் டயரும் மட்டுமல்ல, காப்பீடும் கைவிடக்கூடும். சின்ன வண்டிக்குக் கடன் வாங்கி, ஒரு வருடத்தில் அதை விற்றுப் பெரிய வண்டிக்குப் போவதுதான் இதில் நடக்கும் மோசமான நஷ்டம்.

கிளினிக் என்றால் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டுக்குக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எக்ஸ்ரே கதிர்வீச்சுக் கருவி. பெரும்பாலான நாடுகளில் பதிவோ உரிமமோ, தடுப்பு வசதியுள்ள அறையோ இல்லாமல் இயக்க முடியாது. கருவி வந்து இறங்கி, தவணை ஓடத் தொடங்கி, அனுமதி மட்டும் வராமல் இருக்கும் நிலை கொடுமை. அனுமதி கையில் வந்த பிறகுதான் தவணை என்று பேசிப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயை வேறு இடத்துக்கு அனுப்பிச் சமாளிக்கலாம். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், மயக்க மருந்துக் கருவி இரண்டும் இல்லாமல் அறுவை சிகிச்சை கிடையாது. முன்னுரிமையை அதன்படி வையுங்கள்.

கடனுக்குக் காப்பீடு எடுத்தாயிற்று. போதுமா?

அது கருவிக்கான காப்பீடு. கருவியால் ஒரு நாய்க்கு ஏதாவது ஆனால் அது பேசாது. பொறுப்புக் காப்பீடு தனி. உதாரணமாக, சூடான காற்றைக் கூண்டுக்குள் ஊதும் ட்ரையர். ஆள் பார்க்காமல் விட்டு நாய்கள் வெப்பத் தாக்கத்தில் இறந்த சம்பவங்கள் உண்டு. பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களுக்கு மூச்சிரைத்து உடலைக் குளிர்விப்பதே சிரமம். அவற்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இந்த வகை ட்ரையரைத் தவணையில் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் சூடில்லாத காற்றும், தானாக நிற்கும் டைமரும் உள்ளதாகப் பாருங்கள், ஆளும் பக்கத்தில் இருக்கட்டும்.

போர்டிங்கில் விடுமுறைக் காலத்தில்தான் கூட்டம். தவணை மட்டும் மாதாமாதம் ஒரே அளவா?

கேட்டால் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்: கூட்டம் வரும் மாதங்களில் அதிகம், மற்ற மாதங்களில் குறைவு. முதல் சில மாதம் வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடும் உண்டு. மொத்த வட்டி சற்றுக் கூடும், ஆனால் புதுக் கடைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் சலுகை, முன்னால் கேட்டால் நிபந்தனை.

கடன் கிடைத்துவிட்டது. உடனே ஆர்டர் கொடுக்கலாமா?

மின் இணைப்பைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பெரிய ட்ரையர் ஒன்று 2,000 வாட்டுக்கு மேலும் இழுக்கலாம். தண்ணீர் ஹீட்டர், ஏசி, துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் கடை இது. இணைப்பின் திறன் போதாவிட்டால் அதை உயர்த்த வாரக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடை திறந்த நாளைக் கணக்கில் வைப்பதில்லை. பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்தோ பணம் கொடுத்த நாளிலிருந்தோ தவணை தொடங்கும். ஆகவே வடிகால், மின்சாரம், தரை முடிந்த பிறகு பொருள் வரும்படி தேதி வையுங்கள்.

தொழில் ஓடவில்லை, தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால்?

தவணை தவறும் முன்பே போய்ப் பேசுங்கள். காலத்தை நீட்டலாம், சில மாதம் ஒத்திவைக்கலாம், பொருளை நீங்களே விற்று அடைக்க ஒப்புக்கொள்ளலாம். அவர்கள் பறிமுதல் செய்து ஏலம் விட்டால் கிடைப்பதைவிட, இன்னொரு க்ரூமருக்கு நீங்களே விற்றால் பெரும்பாலும் கூடுதலாக வரும். அடமானத்தில் உள்ள பொருளை அனுமதி இல்லாமல் விற்காதீர்கள், அது குற்றமாகக்கூடும். ஏலத்தில் விற்றும் கடன் தீராவிட்டால் மிச்சத்துக்கு உங்கள் ஜாமீன் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

போர்டிங் நடத்துகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கூண்டுகளை எடுக்க ஆள் வரும் நாளில், அதற்குள் யாரோ ஒருவரின் நாய் இருக்கக் கூடாது. நிலைமை தெரிந்த அன்றே புது முன்பதிவை நிறுத்துங்கள், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள், பயணத் தேதி நெருங்கியவர்களை முதலில் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வேறு இடம் பார்க்க நாள் வேண்டும்.